கழுத்தைக் காப்போம்: நாம் விடும் பிழைகளும் சரியான வழியும்



இந்த முறை சுகாதாரப் பாடத்துக்கு நாங்கள் எடுத்திருப்பது கழுத்து. "இதுல என்னா பாடம் இருக்கு? கொழுந்து எடுக்கிறவளுக்குக் கழுத்து வலிக்காம என்னா செய்யும்?" என்று நீங்கள் கேட்பது எங்களுக்குத் தெரியும். பெரட்டுக்களத்திலும், கொழுந்து மடுவத்திலும், பீலியடியிலும் இந்தப் பேச்சைத் தினமும் கேட்கிறோம். எல்லோருக்கும் வருகிற வலி என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. பெரிதாக எடுத்தவர்களும் பல நேரம் பிழையான வைத்தியத்தில் போய் விழுந்து விடுகிறார்கள். அப்படி நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்கிறோம். அதில் எங்கள் பிழையும் இருக்கிறது.

எங்கள் டிவிஷனில் ஒரு அக்கா. வயது நாற்பத்து மூன்று. நிரையில் யாருக்கும் பின்னால் நிற்காதவர். கழுத்தில் பிடிப்பு என்று ஆரம்பித்தது. பக்கத்து லயத்து ஆச்சி எண்ணெய் போட்டு வழித்து விட்டார். குறையவில்லை. டவுனில் நரம்பு இழுத்து விடுகிறவர் ஒருவரிடம் போனார். அவர் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பி முறித்தார். சத்தம் கேட்டது, இரண்டு நாள் சுகம் மாதிரி இருந்தது, பிறகு பழையபடி. கடைசியில் எங்களிடம் வந்தார். நாங்கள் என்ன செய்தோம்? "கழுத்துப் பட்டி ஒன்னு வாங்கிப் போடுங்க அக்கா, கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க" என்று சொல்லி அனுப்பினோம். கை எப்படி இருக்கிறது, நடை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐந்து மாதம் போனது. மகனுடைய பாடசாலைச் சட்டைக்குப் பொத்தான் போட அவரால் முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. மலையில் இறங்கும்போது கால் தடுமாறியது. "வயசாகுது" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஒரு நாள் டிஸ்பென்சரி வாசலில் அவர் நடந்து வருவதை மருந்தையா பார்த்துவிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கழுத்து எலும்புகளுக்கு உள்ளே ஓடுகிற பெரிய நரம்பு நசுங்கி இருந்தது. பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் முண்ணாண் என்று படிப்பது அதைத்தான். ஒபரேஷன் செய்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறார். ஆனால் விரல்களுக்குப் பழைய பிடி திரும்பவில்லை. கொழுந்து எடுக்க ஏலாது.

எல்லாக் கழுத்து வலியும் இப்படி ஆகாது. நூறு பேருக்கு வலி வந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது தசைப்பிடிப்புத்தான். சில கிழமைகளில் தணிந்து விடும். ஆனால் எது தணியும், எது தணியாது என்று தெரிந்திருக்க வேண்டும். தணிகிற வலியையும் நாமே கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

கழுத்து எப்படிச் சுமக்கிறது?

நம் கழுத்தில் 7 எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி வட்டுகள் உண்டு. அந்த அடுக்குக்குள்ளே முண்ணாண் ஓடுகிறது. அதிலிருந்து நரம்புகள் பிரிந்து தோளுக்கும் கைக்கும் விரலுக்கும் போகின்றன. கழுத்தில் ஏற்படும் கோளாறு கைவிரலில் மரப்பாகத் தெரிவது இதனால்தான்.

இந்த அடுக்கின் மேலே உட்கார்ந்திருக்கும் தலையின் பாரம் சுமார் 5 கிலோ. ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். தண்ணீர் நிறைந்த போத்தல் ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். பாரம் தெரியாது. அதே போத்தலைக் கையை நீட்டிப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். போத்தல் அதேதான், தூரம்தான் கூடியது. தலையும் அப்படித்தான். தோளுக்கு நேர் மேலே இருந்தால் எலும்பு தாங்கும். முன்னால் சாய்ந்தால் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

நியூயோர்க்கைச் சேர்ந்த முள்ளந்தண்டு சத்திரசிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014 ஆம் ஆண்டில் இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டார். தலை 15 பாகை குனிந்தால் கழுத்துக்கு 12 கிலோ அளவு பாரம், 30 பாகைக்கு 18 கிலோ, 60 பாகைக்கு 27 கிலோ என்பது அவருடைய கணக்கு. இது மனிதர்களில் அளந்து பார்த்தது அல்ல, கணினியில் செய்த கணக்கு. ஆனாலும் குனியக் குனியப் பாரம் ஏறும் என்பது விளங்கும்.

இதோடு இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். குனிந்தாலே வியாதி என்று இல்லை. கழுத்து குனியத்தான் படைக்கப்பட்டிருக்கிறது. கழுத்து கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தும் வலியில்லாமல் இருக்கிறவர்கள் நிறையப் பேர். கெடுதல் வருவது மாறாமல் ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதாலும், தாங்கும் தசையில் பலம் இல்லாததாலும், அதற்கு மேல் சுமை ஏறுவதாலும்தான். ஆகவே நாள் முழுக்க விறைப்பாக நிற்க வேண்டியதில்லை. நிலையை அடிக்கடி மாற்றுவதும், தசையைப் பலப்படுத்துவதும், சுமையைச் சரியாக வைப்பதும் போதும்.

மலையில் செய்யக்கூடியவை

கிலோவுக்கு ஏற்ற சம்பளம் என்று இருக்கும்போது "குறைவாக எடுங்கள்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் எடுக்கிற அதே கொழுந்தைக் கழுத்துக்குப் பாரம் குறைத்து எடுக்கலாம்.

1. பட்டை அல்லது கயிறு நெற்றியில் இருக்கக் கூடாது. நெற்றியில் இருந்தால் தலையைப் பின்னுக்கு இழுக்கும், கழுத்து அதை எதிர்த்து முன்னுக்குத் தள்ளும். முடி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, உச்சிப் பக்கமாக வையுங்கள். அப்போது பாரம் கழுத்து எலும்பு வழியே நேராக இறங்கும். நேபாள மலைகளில் சுமை தூக்குகிறவர்கள் நாம்லோ என்ற பட்டையைத் தலையின் மேல் பக்கமாகத்தான் போடுகிறார்கள். அடிக்கடி நின்று, கையில் உள்ள தடியில் சுமையைச் சாய்த்து இளைப்பாறிக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

2. மெல்லிய கயிறு தலையை வெட்டும். கொங்காணியை நாலாக மடித்து அடியில் வையுங்கள், அல்லது அகலமான துணிப்பட்டை தைத்துக்கொள்ளுங்கள்.

3. கயிற்றை நீட்டி விட்டால் பை இடுப்புக்குக் கீழே தொங்கி ஆடும், ஒவ்வொரு அடிக்கும் கழுத்தை இழுக்கும். முதுகோடு ஒட்டி இருக்கும்படி கயிற்றைக் குறைத்துக் கட்டுங்கள். இரண்டு தோளிலும் மாட்டக்கூடிய பட்டி வைத்த பையென்றால் இன்னும் நல்லது.

4. கழுத்து வரை நிரப்பிக்கொண்டு மடுவத்துக்கு நடக்காதீர்கள். நிறுக்கப் போகிற இடம் தூரம் என்றால், பாதி சேர்ந்ததும் படங்கில் கொட்டி வைக்க இடம் தரும்படி கங்காணியிடம் கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் எங்களோடு சேர்ந்து கேட்கலாம்.

5. நிறைந்த மூட்டையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற வேண்டாம். ஒருவர் பிடித்து விட வேண்டும். இறக்கும்போதும் தலையை உதறி இறக்கக் கூடாது.

6. சரிவான இடத்தில் முடிந்தவரை செடிக்குக் கீழ்ப் பக்கம் நின்று எடுங்கள். செடி உயரமாகத் தெரியும், குனிவது குறையும்.

7. ஒவ்வொரு நிரை முடிவிலும் கையைத் தொங்கப்போட்டு, நிமிர்ந்து, எதிர் மலையை ஒரு தரம் பாருங்கள். மூன்று மூச்சு நேரம் போதும். கிலோ குறையாது.

மருந்தடிக்கும் சகோதரர்கள் தாங்கியை ஒரு தோளில் மட்டும் மாட்டக் கூடாது. இரண்டு பட்டியையும் ஒரே நீளத்தில் இறுக்க வேண்டும்.

லயத்தில் செய்யக்கூடியவை

மலையால் வந்த பிறகும் கழுத்துக்கு ஓய்வில்லை. பீலியில் இருந்து குடம், காட்டில் இருந்து விறகு, பிறகு குனிந்தபடி அடுப்படி வேலை. ஒரு பெரிய குடத்துக்குப் பதிலாக இரண்டு சின்னப் பாத்திரத்தை இரண்டு கையிலும் தூக்குவது கழுத்துக்கு நல்லது. ஆம்பிளைகளும் வளர்ந்த பையன்களும் தண்ணிக்குப் போனால் கௌரவம் ஒன்றும் குறைந்து விடாது.

படுக்கும்போது இரண்டு மூன்று தலையணை அடுக்க வேண்டாம். ஒரேயடியாகத் தலையணை இல்லாமல் படுப்பதும் எல்லோருக்கும் ஒத்து வராது. சரிந்து படுப்பவர்களுக்குத் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் அளவு ஒன்று போதும். குப்புறப் படுத்தால் இரவு முழுக்கக் கழுத்து ஒரு பக்கம் திரும்பியே இருக்கும், அதைத் தவிருங்கள்.

பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். படுக்கையில் சுருண்டு கிடந்து போனைப் பார்ப்பதும், பாயில் புத்தகத்தை வைத்து மணிக்கணக்கில் குனிந்து படிப்பதும் கொழுந்துக்கூடை சுமக்காமலே கழுத்து வலியைக் கொண்டு வரும். போனைக் கண் மட்டத்துக்குக் கிட்ட உயர்த்திப் பிடியுங்கள். புத்தகத்தை ஒரு பெட்டியின் மேல் சாய்த்து வையுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடந்துவிட்டு வந்து படியுங்கள்.

வைத்தியத்தில் நாம் விடும் பிழைகள்

பிழை 1: கழுத்தை முறிப்பது. முடி வெட்டும் இடத்தில் பையன்கள் விளையாட்டாகவும், வலி வந்தவர்கள் வைத்தியமாகவும் இதைச் செய்கிறார்கள். சத்தம் வந்தால் சுளுக்கு விட்டுப் போனது என்று அர்த்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் காற்றுக் குமிழின் சத்தம் அது. கழுத்து எலும்புகளுக்குள் மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்கள் இருக்கின்றன. திடீரென்று முறுக்கும்போது அது கிழிந்து பாரிசவாதம் வந்தவர்கள் உலகத்தில் உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் வாழ்நாள் முழுக்க.

பிழை 2: பலமாக வழிப்பதும் மிதிப்பதும். கால் வழியாகப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்பார்கள், தலையணையை வெயிலில் போட்டால் போகும் என்பார்கள். தலையணையை வெயிலில் போடுங்கள், மெத்தப் பூச்சியாவது குறையும். கழுத்தில் மட்டும் யாரையும் மிதிக்க விடாதீர்கள். கோடாலித் தைலமோ எண்ணெயோ பூசி மெதுவாகத் தடவுவதில் பிழையில்லை, இதமாக இருக்கும். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பதினைந்து நிமிடம் போடலாம். மரத்துப்போன இடத்தில் சூடு போடக் கூடாது. வெந்தாலும் தெரியாது.

பிழை 3: கழுத்துப் பட்டியை மாதக்கணக்கில் போடுவது. நாங்கள் அந்த அக்காவுக்குச் சொன்ன பிழை இது. பட்டி தாங்கினால் தசை வேலை செய்யாது, வேலை செய்யாத தசை மெலியும். டொக்டர் சொன்னால், அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போடுங்கள்.

பிழை 4: கிழமைக்கணக்கில் படுத்துக் கிடப்பது. கடும் வலி உள்ள ஓரிரு நாள் பாரம் தூக்காமல் இருக்கலாம். அதன் பிறகு மெதுவாகக் கழுத்தை அசைத்துச் சிறு வேலைகளைச் செய்தால்தான் சீக்கிரம் சுகம் வரும்.

பிழை 5: வலிக்குளிசையை இஷ்டத்துக்கு விழுங்குவது. பனடோல் 500 மில்லிகிராம் குளிசை என்றால் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். அடுத்த தடவைக்குக் குறைந்தது நாலு மணித்தியாலம் போக வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடவே கூடாது. உடல் மெலிந்தவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. டைக்ளோபெனக், ஐபுபுரூபன் போன்றவற்றைக் கடையில் சொல்லி வாங்கி வெறும் வயிற்றில் போட்டால் குடல்புண் வரும், இரத்தக் கசிவும் வரலாம், சிறுநீரகமும் கெடும். கர்ப்பிணிகளும், பிரஷர் உள்ளவர்களும் மருந்தையாவைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது.

பிழை 6: படாளியைப் போல நெஞ்சை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி நடப்பது. "நிலையைத் திருத்துறேன்" என்று பலர் இதைச் செய்கிறார்கள். தாடையைத் தூக்கினால் பின்கழுத்து மடிந்து இன்னும் வலிக்கும். தாடை மேலே போகக் கூடாது, பின்னுக்குப் போக வேண்டும்.

பிழை 7: எக்ஸ்ரே பார்த்துப் பயப்படுவது. "எலும்பு தேஞ்சு போச்சாம், இனி ஒன்னும் செய்யேலாது" என்று வேலையை விட்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. நடுவயதைத் தாண்டிய பலருக்கு எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியும், ஒரு வலியும் இல்லாதவர்களுக்கும் தெரியும். தலையில் நரை வருவது மாதிரித்தான் அது. படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் டொக்டரிடம் விளக்கம் கேளுங்கள்.

தினமும் பத்து நிமிடம்

பின்லாந்து நாட்டில் நெடுநாள் கழுத்து வலி இருந்த 180 பெண் அலுவலக ஊழியர்களை ஓர் ஆண்டு கவனித்து, 2003 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். கழுத்தையும் தோளையும் பலப்படுத்தும் பயிற்சி செய்தவர்களுக்கு, நீட்டி மடக்கும் பயிற்சியும் பொதுவான உடற்பயிற்சியும் மட்டும் செய்யச் சொல்லப்பட்டவர்களை விட வலி நன்றாகக் குறைந்திருந்தது. அதனால் பலப்படுத்தும் பயிற்சியும் சேர்த்துக் கீழே தருகிறோம். காலையிலும் மாலையிலும் செய்யலாம்.

முதலாவது: லயத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். நேரே பாருங்கள். தலையை மேலேயோ கீழேயோ ஆட்டாமல் தாடையை மட்டும் பின்னுக்கு இழுங்கள், இரட்டைத் தாடை விழுகிற மாதிரி. ஐந்து எண்ணி விடுங்கள். பத்துத் தடவை.

இரண்டாவது: கையைத் தொங்கப்போட்டு, முதுகுப் பக்கம் இரண்டு தோள்பட்டையையும் ஒன்றோடொன்று நெருக்கிக் கீழே இறக்குங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். பத்துத் தடவை.

மூன்றாவது: உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையால் கையைத் தள்ளுங்கள். கை விட்டுக்கொடுக்கக் கூடாது, தலையும் அசையக் கூடாது. மெதுவான பலம் போதும். ஐந்து எண்ணுங்கள். இப்படியே பின்தலையிலும், இரண்டு பக்கக் காதுக்கு மேலேயும் செய்யுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஐந்து தடவை.

நாலாவது: மெதுவாக வலப்பக்கம் திரும்புங்கள், இடப்பக்கம் திரும்புங்கள். பிறகு காதைத் தோள் பக்கம் சாயுங்கள். ஐந்து ஐந்து தடவை. தலையை வட்டமாக வேகமாகச் சுற்ற வேண்டாம்.

தொடக்கத்தில் தசை கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை. கைக்கு மின்னல் மாதிரி ஓடினாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு டிஸ்பென்சரிக்குப் போங்கள். மூன்று நாள் செய்துவிட்டு "ஒன்னும் சுகமில்ல" என்று விடக் கூடாது. ஆறு முதல் எட்டுக் கிழமை விடாமல் செய்தால்தான் பலம் தெரியும்.

இவை இருந்தால் தாமதிக்க வேண்டாம்

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எண்ணெயும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். டொக்டரிடம் போக வேண்டும்.

• கை அல்லது விரல் மரத்துப் போவது, பலம் குறைவது, கையில் உள்ளது நழுவி விழுவது, பொத்தான் போட முடியாமை.
• கால் விறைத்து நடை தடுமாறுவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமை அல்லது போகாமை.
• சரிவில் விழுந்து அல்லது தலையில் அடிபட்டு வந்த கழுத்து வலி. இவர்களைத் தூக்கி உட்கார வைக்க வேண்டாம், கழுத்தை அசையாமல் வைத்து உதவி கேளுங்கள்.
• காய்ச்சல், தலைவலியோடு கழுத்து விறைத்து, தாடையை நெஞ்சில் வைக்க முடியாமை. இது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.
• இரவில் படுத்தாலும் குறையாத வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது.
• திடீரென்று பேச்சுக் குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, முகம் கோணுவது.
• நெஞ்சு அடைப்போடு கழுத்துக்கும் தாடைக்கும் கைக்கும் வலி பரவி வியர்ப்பது. இது மாரடைப்பாக இருக்கலாம்.

அவசரம் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். காசு கேட்க மாட்டார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாதை மோசமாக இருந்தால் ஒருவர் மெயின் ரோட்டில் போய் நின்று வழிகாட்ட வேண்டும்.

கடைசியாக

அந்த அக்காவின் சம்பவத்துக்குப் பிறகு, கழுத்து வலி என்று யார் எங்களிடம் வந்தாலும் மூன்று கேள்வி கேட்கிறோம். கை மரக்கிறதா? பொத்தான் போட முடிகிறதா? நடை தடுமாறுகிறதா? இந்த மூன்றையும் நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிரையில் பக்கத்தில் நிற்பவர் "கழுத்து வலிக்குது" என்றால், தைலப் போத்தலை நீட்டுவதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள். அரை நாள் சம்பளம் போகுமே என்று அவர் தயங்குவார். தயங்கினால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் வந்து பேசுகிறோம்.

அந்த அக்கா இப்போது பிள்ளைக் காம்பராவில் ஆயாவுக்கு உதவியாக இருக்கிறார். இந்தப் பாடத்தை எழுதப் போகிறோம் என்று சொன்னபோது, "எழுதுங்க, என் கதையையும் போடுங்க, பேரை மட்டும் போடாதீங்க" என்றார். அவர் சொன்னபடியே செய்திருக்கிறோம்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதை இன்று இரவு அம்மாவுக்கும் அம்மாயிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் எல்லோரும் சுவரில் முதுகைச் சாய்த்து, முதலாவது பயிற்சியைச் சேர்ந்து செய்து பாருங்கள்.